பாறசாலையில் பாவி, அருவிப்புறத்தில் கடவுள்

களியக்காவிளைச் சோதனைச் சாவடியைத் தாண்டி பஸ் கேரளத்துக்குள் நுழைந்ததும் வருகிற பெரிய ஊர் பாறசாலை. அதைவிட்டால் நெய்யாற்றின்கரை. 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லை போடப்பட்டபோது விளவங்கோடு தாலுகா சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டது. பேச்சு மட்டும் இந்தப் பிரிவினையை ஒப்புக்கொள்ளவில்லை. எல்லையோரக் கிராமங்களில் தமிழுக்குள் மலையாளமும் மலையாளத்துக்குள் தமிழும் இன்றும் தாராளமாகப் புழங்குகின்றன. ஒரு பக்கம் பெண் எடுத்து மறுபக்கம் பெண் கொடுக்கிற குடும்பங்கள் ஏராளம்.

இந்த ஊர்களுக்கு இன்னொரு விசேஷம் உண்டு. மனிதன் எப்படிப்பட்டவன் என்ற பழைய கேள்விக்கு நேர் எதிரான இரண்டு பதில்கள் 19ஆம் நூற்றாண்டில் சில மைல் இடைவெளியில் இங்கே உரக்கச் சொல்லப்பட்டன. பாறசாலையில் முகாமிட்டிருந்த லண்டன் மிஷன் போதகர்கள், மனிதன் பிறவியிலேயே பாவி என்றார்கள். நெய்யாற்றின்கரைக்கு அருகே அருவிப்புறத்தில் 1888இல் ஒரு துறவி ஆற்றிலிருந்து ஒரு கல்லை எடுத்து நிறுத்தினார். மனிதனுக்குள் இருப்பது கடவுள் என்பது அவர் கட்சி.

இதே இரண்டு பதில்களும் ஏறக்குறைய அதே நூற்றாண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணத்தில், கான்கார்டு என்ற சின்ன ஊரையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் மையமாக வைத்து மோதிக்கொண்டன. அமெரிக்க இலக்கியத்தின் மிகச் சிறந்த சில நாவல்கள் அந்த மோதலில் பிறந்தவை. எமர்சன், தோரோ ஆகிய ட்ரான்ஸென்டென்டலிஸ்ட்கள் ஒரு பக்கம். ஹாதார்ன், மெல்வில், எட்கர் ஆலன் போ என்ற இருண்ட கற்பனாவாதிகள் மறுபக்கம். எம்.ஏ. ஆங்கிலம் படித்தவர்களுக்கு இது பத்து மார்க் கேள்வி. 'இவர்கள் நன்மையை நம்பினார்கள், அவர்கள் பாவத்தை நம்பினார்கள்' என்று எழுதினால் ஆறு மார்க் நிச்சயம். பாறசாலையிலிருந்து பார்த்தால் விஷயம் அவ்வளவு சுலபமாக முடிவதில்லை.

முதலில் எமர்சன். 1803இல் பாஸ்டனில் போதகர் குடும்பத்தில் பிறந்து, தானும் போதகராகி, 1832இல் சபைப் பொறுப்பை உதறிவிட்டு வந்தவர். 1836இல் 'இயற்கை' என்ற சிறுநூல். 1838 ஜூலையில் ஹார்வர்டு இறையியல் மாணவர்கள் முன்னால் ஒரு சொற்பொழிவு. கடவுளுக்கும் மனிதனுக்கும் நடுவில் தரகர் வேண்டாம், ஒவ்வொருவர் உள்ளத்திலும் அந்தப் பரம்பொருளே பேசுகிறது, அதைக் கேட்டு நட என்றார். தீமையைப் பற்றி அவர் சொன்னதுதான் பின்னால் வம்பானது. குளிர் என்பது தனியாக ஒரு வஸ்து அல்ல, வெப்பம் இல்லாமையே குளிர்; அதுபோலத் தீமைக்கும் சொந்த இருப்பு கிடையாது, நன்மை குறைந்த இடத்தின் பெயர்தான் தீமை என்பது அவர் வாதம். ஹார்வர்டு சுமார் முப்பது வருஷம் அவரை மறுபடி மேடைக்கு அழைக்கவில்லை.

இது எங்கோ கேட்டது போலிருக்கிறதே என்று தோன்றினால் தவறில்லை. 1840களில் பகவத் கீதை எமர்சன் கைக்குப் போய்ச் சேர்ந்தது. தோரோ அதை வால்டன் குளக்கரைக் குடிசைக்கே எடுத்துக்கொண்டு போனார். பதிலுக்கு அமெரிக்காவிலிருந்து வந்தது ஐஸ். வால்டன் குளத்தில் 1846-47 குளிர்காலத்தில் வெட்டப்பட்ட பனிக்கட்டி சென்னை, பம்பாய், கல்கத்தாவரை போகும் என்று தோரோ எழுதிவைத்திருக்கிறார். அமெரிக்க ஐஸைச் சேமிக்கச் சென்னைக் கடற்கரையில் கட்டிய ஐஸ் ஹவுஸில்தான் 1897இல் விவேகானந்தர் தங்கினார். வேதாந்தம் போன வழியில் குளிர் வந்தது. குளிருக்கு இருப்பே இல்லை என்றவரின் ஊரிலிருந்து.

ஹாதார்னுக்கு இந்த வாதம் ஏன் செல்லவில்லை? அவர் பிறந்த ஊர் சேலம். பெயரைப் பார்த்து மாம்பழத்தை நினைக்க வேண்டாம், இது மாசசூசெட்ஸ் சேலம். 1692இல் அங்கே சூனியக்காரிகள் என்று குற்றம் சாட்டி 19 பேரைத் தூக்கில் போட்டார்கள். அந்த விசாரணையை நடத்திய நீதிபதிகளில் ஜான் ஹாதார்ன் ஒருவர். எழுத்தாளருக்கு நேர் முன்னோர். அந்த நீதிபதி குடிகாரரோ கொள்ளைக்காரரோ அல்ல. ஜெபம் தவறாதவர், ஊரில் மதிப்பானவர். தன் உள்ளத்தின் குரல் கடவுளின் குரல் என்பதில் அவருக்கும் துளி சந்தேகம் இருந்ததாகத் தெரியவில்லை. பேரன் வழிப் பேரன் தன் குடும்பப் பெயரின் எழுத்தில் ஒன்றைக் கூட்டிக்கொண்டான். முன்னோரிடமிருந்து விலகத்தான் என்பது இலக்கிய உலகில் நிலவும் ஊகம்.

உள்ளத்தின் குரலைக் கேள் என்றால், எந்த உள்ளத்தின் குரலை? இதுதான் எமர்சனிடம் ஹாதார்ன் கேட்ட கேள்வி, கட்டுரையாக அல்ல, கதைகளாக. 1835இல் வந்த 'யங் குட்மேன் பிரவுன்' கதையில் ஓர் இளைஞன் இரவில் காட்டுக்குள் போகிறான். சாத்தானின் கூட்டம் அங்கே நடக்கிறது. கூட்டத்தில் அவனுக்கு ஞானோபதேசம் கற்றுத்தந்த கிழவி இருக்கிறாள், சபை மூப்பர் இருக்கிறார், போதகர் இருக்கிறார், கடைசியில் அவன் மனைவியும். மறுநாள் காலை ஊர் வழக்கம்போல இயங்குகிறது. நடந்தது கனவா நிஜமா என்று கதை சொல்வதில்லை. அவன் மட்டும் சாகும்வரை யாரையும் நம்பாமல் வாழ்கிறான். அடுத்த வருஷம் வந்த இன்னொரு கதையில் ஒரு போதகர் காரணம் சொல்லாமல் முகத்தில் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டுக்கொண்டு பிரசங்கத்துக்கு வருகிறார். சாவுப் படுக்கையிலும் அதை எடுக்கவிடவில்லை. உங்கள் எல்லோர் முகத்திலும் இதே திரை தெரிகிறது என்கிறார். இந்தக் கதைகளைப் படித்துவிட்டு 'மனிதர்கள் கெட்டவர்கள் என்கிறார் ஹாதார்ன்' என்று முடிவு கட்டுவது அவசரம். யாரும் விலக்கல்ல என்கிறார், அவ்வளவுதான். தன்னை விலக்காக எண்ணிக்கொள்கிறவனே அவர் கதைகளில் ரொம்ப ஆபத்தான ஆள்.

அவர் பரீட்சித்துப் பார்க்காமலும் பேசவில்லை. 1841இல் எமர்சன் வட்டத்தைச் சேர்ந்த சிலர் புருக் ஃபார்ம் என்ற கூட்டுப் பண்ணை தொடங்கினார்கள். எல்லோரும் உழைப்பது, எல்லோரும் சிந்திப்பது என்று திட்டம். ஹாதார்ன் பணம் போட்டுச் சேர்ந்தார், சில மாதங்கள் எரு அள்ளினார், எழுத முடியவில்லை என்று வெளியே வந்தார். 1852இல் அதை வைத்தே ஒரு நாவல் எழுதினார்: உலகத்தைத் திருத்த வந்த நல்லவர்கள் ஒருவரை ஒருவர் எப்படி அழிக்கிறார்கள் என்று. 1842இல் திருமணமாகி அவர் குடியேறிய கான்கார்டு வீடோ எமர்சனின் தாத்தா கட்டியது. 'இயற்கை'யை எமர்சன் எழுதிய வீடு. இருவரும் சேர்ந்து நீண்ட நடை போவார்கள். ஹாதார்னை மனிதராக எமர்சனுக்குப் பிடிக்கும், கதைகளைப் பிடிக்காது.

அந்த வீட்டில் இருந்தபோதுதான் ஹாதார்ன் 'சொர்க்க ரயில்' என்ற கேலிக் கதையை எழுதினார். ஜான் பனியனின் மோட்சப் பயணத்தை எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை 'இரட்சணிய யாத்திரிக'மாகத் தமிழுக்குக் கொண்டுவந்ததை அறிந்தவர்களுக்கு இந்தக் கேலி உடனே புரியும். பனியனின் யாத்திரிகன் பாவ மூட்டையை முதுகில் சுமந்து நடந்தான். ஹாதார்னின் காலத்தில் ரயில் வந்துவிட்டது. மூட்டையை லக்கேஜ் பெட்டியில் போட்டுவிட்டு பயணிகள் சாய்ந்து உட்கார்ந்து போகிறார்கள். வழியில் ஒரு குகை, அதில் மூட்டம் போன்ற ஓர் அரக்கன், அவன் பெயரே ட்ரான்ஸென்டென்டலிஸ்ட்; என்ன பேசுகிறான் என்று யாருக்கும் விளங்குவதில்லை.

1844இல் வந்த 'பூமியின் வேள்வித் தீ' கதை இன்னும் நேரானது. சீர்திருத்தவாதிகள் ஒரு பெருந்தீ மூட்டி உலகத்தின் கெட்டவற்றையெல்லாம் அதில் போடுகிறார்கள்: ராஜமுடி, சாராயம், ஆயுதம், தூக்குமரம், கடைசியில் புத்தகங்களும்கூட. கொலைகாரனும் குடிகாரனும் இனி நமக்குப் பிழைப்பில்லையே என்று ஓரமாக உட்கார்ந்து அழுகிறார்கள். கறுத்த முகத்துடன் ஒருவன் வந்து அவர்களைத் தேற்றுகிறான்: கவலைப்படாதீர்கள், மனித இதயத்தை இவர்கள் தீயில் போட மறந்துவிட்டார்கள், அதிலிருந்து எல்லாம் மறுபடி முளைக்கும். சட்டத்தை மாற்றினால் போதும் என்று நம்புகிற எந்த நாட்டுக்கும் இந்தக் கதை பொருந்தும். இந்தியாவைத் தனியாகக் குறிப்பிட வேண்டியதில்லை.

போவைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. கான்கார்டு கூட்டத்தைக் கிண்டலடித்து 1841இலேயே ஒரு கதை எழுதியவர் அவர். அவருடைய பங்களிப்பு ஒரு கவனிப்பு: மனிதன் லாபத்துக்காகவோ அறியாமையாலோ மட்டும் தப்பு செய்வதில்லை, தப்பு என்று தெரிவதாலேயே செய்கிற ஒரு கோணல் அவனுக்குள் இருக்கிறது. தமிழில் இதே கோணலை எட்டிப் பார்த்தவர் புதுமைப்பித்தன். அவர் 1948இல் இறந்தது திருவனந்தபுரத்தில், நெய்யாற்றின்கரைக்கு அடுத்த பெரிய பட்டணத்தில் என்பது தற்செயல்.

மெல்வில் விஷயம் வேறு. அவர் படித்த கல்லூரி திமிங்கில வேட்டைக் கப்பல். 1841 ஜனவரியில் அதில் ஏறினார். எமர்சன் 'தன்னையே நம்பு' என்ற கட்டுரையை வெளியிட்ட வருஷமும் அதுதான். கப்பலில் தன்னையே நம்புகிற ஒருவர் உண்டு, கேப்டன். அவர் நம்பிக்கை தவறினால் முப்பது பேர் மூழ்குவார்கள். பத்து வருஷம் கழித்து 'மோபி டிக்' வந்தது. அதன் ஆகாப் எமர்சனின் இலட்சிய மனிதனைத் தலைகீழாகப் பிடித்த பிம்பம்: யாருக்கும் பணியாதவன், தன் உள்மனம் சொன்னதைத் தவிர எதையும் கேளாதவன். அவன் உள்மனம் சொன்னது ஒரு வெள்ளைத் திமிங்கிலத்தைக் கொல்லும்படி. கதை சொல்கிறவன் ஒருவனைத் தவிரக் கப்பலோடு எல்லோரும் போகிறார்கள்.

மெல்வில்லின் இன்னொரு கதை, 1855இல் வந்த 'பெனிடோ செரினோ', அதிகம் பேசப்படாதது, பேசப்பட வேண்டியது. அமெரிக்கக் கேப்டன் டெலானோ ரொம்ப நல்லவர். யாரையும் தப்பாக நினைக்க வராது. ஒரு ஸ்பானியக் கப்பலில் ஏறுகிறார். அதில் அடிமைகள் பணிவாக நடமாடுகிறார்கள். ஒரு கறுப்பின ஊழியன் எஜமானனுக்கு அன்பாகச் சவரம் செய்துவிடுகிறான். டெலானோவுக்கு நெஞ்சு நெகிழ்கிறது. உண்மை என்னவென்றால் அடிமைகள் ஏற்கெனவே கிளர்ந்தெழுந்து கப்பலைப் பிடித்துவிட்டார்கள். சவரக் கத்தி எஜமானன் கழுத்தில் இருப்பது மிரட்டலுக்கு. நல்லவரான டெலானோவுக்குக் கடைசிவரை அது தெரியவில்லை. உலகம் நல்லது என்று நம்பினால் அடிமைத்தனத்தின் கொடுமையும் தெரியாது, அடிமையின் கோபமும் தெரியாது. எமர்சன் தத்துவத்தின் மீது வைக்கப்பட்ட மிகக் கூர்மையான குற்றச்சாட்டு இதுதான்.

ஆனால் இங்கே ஒரு சங்கடம். தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் தர வேண்டும் என்று 1850இல் அமெரிக்க அரசு சட்டம் கொண்டுவந்தபோது மேடையேறி அதைக் கண்டித்தவர் 'ரோஜா வண்ணக் கண்ணாடி' எமர்சன். மனித இதயத்தின் இருட்டை அளந்த ஹாதார்ன் என்ன செய்தார்? அந்தச் சட்டத்தை ஆதரித்த ஃபிராங்க்ளின் பியர்ஸுக்காக 1852 ஜனாதிபதி தேர்தலில் வாழ்க்கை வரலாறு எழுதித் தந்தார். கல்லூரிச் சிநேகிதர். பியர்ஸ் ஜெயித்தார், ஹாதார்னுக்கு லிவர்பூலில் தூதரக உத்தியோகம் கிடைத்தது. எல்லோரும் பாவிகள் என்று சொல்கிறவருக்கு ஒரு குறிப்பிட்ட பாவத்தை எதிர்ப்பதில் சுணக்கம் வந்துவிடுகிறது. எல்லோரும் தெய்வம் என்கிறவருக்கு, அந்தத் தெய்வம் சந்தையில் விற்கப்படுவதைப் பார்க்கப் பொறுப்பதில்லை. பத்து மார்க் விடையில் இந்தப் பகுதி வழக்கமாக விட்டுப்போகும்.

பாறசாலைக்குத் திரும்பினால் இந்தச் சங்கடம் வேறு விதமாகத் தெரியும்.

லண்டன் மிஷன் சொசைட்டியில் பெரும்பாலோர் காங்கிரிகேஷனல் சபையினர், அதாவது ஹாதார்னின் பியூரிட்டன் முன்னோர்களுக்கு மதத்தில் பங்காளிகள். அவர்கள் திருவிதாங்கூருக்குக் கொண்டுவந்த வேதப் பெட்டியில் ஆதாமின் பாவமும் இருந்தது. மயிலாடியில் 1800களின் முதல் பத்தாண்டில் தொடங்கிய பணி நாகர்கோவில், நெய்யூர் வழியாக வளர்ந்தது. பாறசாலை அதன் முக்கிய நிலையங்களில் ஒன்றானது. ஜான் ஆப்ஸ், சாமுவேல் மேட்டீர் போன்றவர்கள் அங்கே பணிபுரிந்தார்கள். மேட்டீரின் இரண்டு புத்தகங்கள், 1871இலும் 1883இலும் வந்தவை, அன்றைய திருவிதாங்கூர் வாழ்க்கையைப் பற்றி இன்றும் ஆய்வாளர்கள் புரட்டுகிறவை.

அந்தத் திருவிதாங்கூரில் தூய்மை பிறப்பில் வந்தது. அதை அடிக்கணக்கில் அளந்தார்கள். நம்பூதிரியிடமிருந்து யார் எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று கணக்கு உண்டு. பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நாடார்கள் பல பத்தாண்டுகள் அடிபட்டு, 1859இல் அரசாணை பெற்ற பூமி. புலையர்கள் 1855வரை சட்டப்படி அடிமைகள். மெல்வில்லின் கதை வெளிவந்த அதே வருஷம் திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. இப்படிப்பட்ட ஊரில் ஒரு போதகர் எழுந்து எல்லோரும் பாவிகள் என்று சொன்னால் அதன் அர்த்தம் பாஸ்டனில் இருப்பது போல இராது. எல்லோரும் என்றால் மகாராஜாவும் அடக்கம், நம்பூதிரியும் அடக்கம். பிறவியால் சுத்தமானவன் எவனும் இல்லை என்பது பாஸ்டனில் பழைய பல்லவி, பாறசாலையில் கிட்டத்தட்ட ராஜதுரோகம். கீழே இருப்பவனை அது மேலும் கீழே தள்ளவில்லை; மேலே இருப்பவனை இறக்கி அவன் பக்கத்தில் உட்கார வைத்தது. ஹாதார்னின் கறுப்புத் துணியில் மறைந்திருந்த ஜனநாயகம் இங்கேதான் வெளியே தெரிகிறது. சபைகளுக்குள்ளேயே சாதி திரும்ப வந்து தனித்தனியாக உட்கார்ந்தது என்பது உண்மை. அது ஆதாமின் பாவம் பற்றிய கொள்கையைப் பொய்யாக்கவில்லை, நிரூபிக்கத்தான் செய்தது.

மறு பதிலுக்கும் இந்த மண்ணில் எமர்சன் கண்டிராத பொருள் கிடைத்தது. ஹார்வர்டு சொற்பொழிவு நடந்த 1838ஐ ஒட்டிய காலத்தில்தான் சாமித்தோப்பு அய்யா வைகுண்டரைத் திருவிதாங்கூர் அரசு பிடித்துத் திருவனந்தபுரத்தில் சிறை வைத்தது. எமர்சனுக்குக் கிடைத்த தண்டனை அழைப்பு வராமை. வைகுண்டருக்குக் கிடைத்தது சிறை. அவர் வழியில் நடக்கும் பதிகளிலும் தாங்கல்களிலும் விக்கிரகம் கிடையாது, கண்ணாடி உண்டு. கும்பிடுகிறவன் தன்னையே பார்க்கிறான்.

அதற்குப் பிறகு அருவிப்புறம். நாராயண குரு தைக்காட்டு அய்யாவு சுவாமிகளிடம் யோகம் பயின்றவர், தமிழில் பதிகம் பாடத் தெரிந்தவர், கன்னியாகுமரிப் பக்கம் மருந்துவாழ் மலையில் தவமிருந்தவர். அகத்தியர் மலையில் பிறந்து வருகிற நெய்யாறு அருவிப்புறத்தில் பாறைகளுக்கு இடையே சுழித்து ஓடுகிறது. 1888 சிவராத்திரி இரவு குரு ஆற்றுச் சுழியில் மூழ்கி ஒரு கல்லை எடுத்துவந்து லிங்கமாகப் பிரதிஷ்டை செய்தார். ஈழவருக்குப் பிரதிஷ்டை செய்ய அதிகாரம் ஏது என்று கேட்டவர்களிடம், நிறுவியது ஈழவச் சிவனைத்தான் என்று சொன்னதாக வழக்கு. சாதி வேற்றுமையும் மதத் துவேஷமும் இல்லாமல் சகோதரர்களாக வாழ்வதற்கு முன்மாதிரியான இடம் இது என்ற பொருளில் அங்கே எழுதியும் வைத்தார். பின்னாளில், 1927இல், களவங்கோட்டில் அவர் நிறுவியது கண்ணாடி.

எமர்சனும் குருவும் குடித்தது ஒரே கிணற்றுத் தண்ணீர், அத்வைதம். ஆனால் வசதியான வீட்டுத் திண்ணையிலிருந்து 'நான் தெய்வம்' என்று ஒருவர் சொல்வதும், கோயில் தெருவில் நடக்க அனுமதியில்லாதவர்கள் சொல்வதும் ஒன்றாகுமா? முதலாவதைக் கேட்டால் மெல்வில் முகம் சுளித்ததில் நியாயம் இருக்கிறது, கர்வம் நெடியடிக்கிறது. இரண்டாவது, மறுக்கப்பட்டதைக் கேட்டு வாங்குவது. அமெரிக்கச் சண்டையில் இரு தரப்பும் மனிதன் என்று பொதுவாகப் பேசிக்கொண்டே போனார்கள். எந்த மனிதன், எங்கே நிற்கிறவன் என்று கேட்டிருந்தால் சண்டை பாதி குறைந்திருக்கும்.

குட்மேன் பிரவுன் கண்ட காடும் இதே தாலுகாவில் உண்டு. வெங்ஙானூரில் 1863இல் பிறந்த அய்யன்காளி, 1893இல் புலையருக்கு மறுக்கப்பட்ட பொது வீதியில் வில்வண்டி ஓட்டிக்கொண்டு போனவர். 1907இல் சாது ஜன பரிபாலன சங்கம் தொடங்கினார். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் வயலில் புல்தான் முளைக்கும் என்று சொல்லி, விவசாயக் கூலிகளை வேலைநிறுத்தத்தில் இறக்கினார். நம்ம ஆட்கள் விசுவாசமானவர்கள் என்று நினைத்திருந்த நிலக்காரர்கள் திகைத்த திகைப்பு கேப்டன் டெலானோவின் திகைப்பேதான்.

1910களில் பஞ்சமி என்ற சிறுமியைக் கூட்டிக்கொண்டு அய்யன்காளி ஊரூட்டம்பலம் பள்ளிக்குப் போனார். அரசாணை அவர் பக்கம் இருந்தது. குழந்தை பெஞ்சில் உட்கார்ந்தது. பள்ளிக்கூடம் எரிக்கப்பட்டது. எரித்தவர்கள் திருடர்கள் அல்ல. மேல்சாதி ஊரார், குளித்து, விபூதி பூசி, கோயிலுக்குப் போகிறவர்கள். ஒரு குழந்தை உட்கார்ந்த பலகையைத் தொடுவதைவிடப் பள்ளியே சாம்பலாவது மேல் என்று அவர்களுடைய உள்மனம் சொல்லியிருக்கிறது. அந்தக் குரலை அவர்கள் கேட்டார்கள். இதை நன்மையின் குறைபாடு என்று எந்த எமர்சன் விளக்கினாலும் ஊரூட்டம்பலத்தில் எடுபடாது. நெருப்பு வைக்க ஒரு கை வேண்டும், எண்ணெய் வேண்டும், இருட்டு வேண்டும், முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். குறைபாடு இவ்வளவு வேலை செய்யாது. தப்பிய பெஞ்சு ஒன்று கருகிய அடையாளத்துடன் அந்தப் பள்ளியில் பாதுகாக்கப்படுகிறது. 2022இல் பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரும் சூட்டப்பட்டன.

பழைய ரத்தம் தலைமுறைகள் தாண்டித் துரத்தும் என்ற ஹாதார்ன் விஷயத்துக்கு மலையாளத்தில் சி.வி. ராமன் பிள்ளை இருக்கிறார். நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணன் கோயில் வளாகத்தில் 'அம்மச்சிப் பிலாவு' என்ற பலாமரத்தின் எச்சத்தைக் காட்டுவார்கள். எட்டுவீட்டுப் பிள்ளைமார் துரத்தியபோது இளவரசர் மார்த்தாண்ட வர்மா அதன் பொந்தில் ஒளிந்து பிழைத்ததாக ஐதீகம். அரசரானதும் அவர் பிள்ளைமாரை அழித்தார். சி.வி. 1891இல் 'மார்த்தாண்ட வர்மா'வில் அரசரின் வெற்றியை எழுதினார். 1913இல் வந்த 'தர்மராஜா'வில், அழிக்கப்பட்ட குடும்பத்தின் வாரிசு பழிவாங்கத் திரும்பி வருகிறான். எந்த வேஷத்தில் என்பதுதான் சுவாரசியம்: ஊரே காலில் விழுகிற யோகியாக. ராஜ விசுவாசியான சி.வி.க்குக்கூட முதல் நாவலோடு கணக்குத் தீரவில்லை.

குருவுக்கும் இருட்டு தெரியாமல் இல்லை. 1903இல் அருவிப்புறத்துக் கோயில் சபையிலிருந்து வளர்ந்த ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகம், சாதி வேண்டாம் என்றவரின் பெயரால் ஒரு சாதியின் சங்கமாக இறுகிக்கொண்டே போனது. 1916இல் டாக்டர் பல்புவுக்கு எழுதிய கடிதத்தில் யோகத்துக்கும் தமக்கும் இனித் தொடர்பில்லை என்று அவர் தெரிவித்துவிட்டார். ஹாதார்ன் புருக் ஃபார்மை விட்டு வெளியே வந்ததற்கு அவருக்கு ஒரு நாவல் மிஞ்சியது. குருவுக்கு ஒரு கவிஞன் மிஞ்சினான்.

குமாரன் ஆசான் இளைஞனாக அருவிப்புறத்தில் குருவின் நிழலில் இருந்தவர், சின்னசுவாமி என்று அழைக்கப்பட்டவர், பெங்களூரிலும் கல்கத்தாவிலும் படித்துவிட்டு வந்து யோகத்தின் முதல் செயலாளரானவர். மலையாளக் கற்பனாவாதக் கவிதை அவரோடு பிறந்தது. 1907இல் 'வீண பூவு', உதிர்ந்து கிடக்கும் ஒரு பூவைப் பற்றி. கான்கார்டில் இரண்டு வீடுகளில் தனித்தனியாக இருந்த இரண்டு கொள்கைகளும் இவர் ஒருவருக்குள் குடித்தனம் நடத்தின. 1923இல் வந்த 'கருணா' அதற்குச் சாட்சி.

கதை பழைய பௌத்தக் கதை. வடமதுரையின் தாசி வாசவதத்தை, உபகுப்தன் என்ற இளம் பிக்குவை ஆசைப்பட்டு அழைக்கிறாள். நேரம் வரவில்லை என்று அவன் சொல்லியனுப்புகிறான். பணக்கார வியாபாரி ஒருவனுக்காகத் தன் பழைய காதலனை அவள் கொல்லச் செய்கிறாள். குற்றம் வெளிப்படுகிறது. கை, கால், மூக்கு, காது வெட்டப்பட்டுச் சுடுகாட்டில் எறியப்படுகிறாள். ஆசான் அவள் குற்றத்தைக் கழுவிவிடவில்லை, அவளை அபலையாக மாற்றவும் இல்லை. கொலை கொலையாகவே இருக்கிறது. மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டத்தைப் படித்தவர்களுக்கு அந்தச் சுடுகாடு புதிதல்ல; காக்கையும் நரியும் காவலிருக்கிற இடம்.

ஹாதார்னின் ஆட்கள் இந்த இடத்தில் என்ன செய்தார்கள் என்பதும் நினைவுக்கு வரும். இருட்டைக் கண்ட குட்மேன் பிரவுன் மனைவியிடமிருந்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கறுப்புத் துணிப் போதகர் கல்லறைவரை தனியாகப் போனார். எமர்சனுக்கோ அங்கே சொல்வதற்கு ஒன்றுமில்லை. தன்னை நம்பு என்று சொன்னால் கேட்டு எழுந்து நடக்க வாசவதத்தைக்குக் கால் இல்லை. உபகுப்தன் இப்போது வருகிறான். அழகும் செல்வமும் இருந்தபோது வராதவன், ஈ மொய்க்கிற அந்த உடம்பின் அருகில் வந்து குனிந்து அவளோடு பேசுகிறான். அவள் சாகும்வரை பேசுகிறான்.